வாலில் ஒரு கிராம், மூக்கில் மூன்று கிராம்

1931இல் முதன்முதலாகப் பறந்த டைகர் மாத் என்ற இரட்டை இறக்கைப் பயிற்சி விமானத்தின் சாயலில் நான் கட்டிய குட்டி ரேடியோ விமானத்தின் படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டிருந்தீர்கள். கும்பகோணத்துப் புழுக்கத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு (காகிதம் பறக்கும்) எழுதிய பதில்கள் இவை.

ஐயா, எடை எவ்வளவு? என்ன மோட்டார்? (கல்லூரி மாணவர், பாபநாசம்)

பேட்டரியோடு 450 கிராம். மேல் இறக்கை, கீழ் இறக்கை ஒவ்வொன்றும் நுனிக்கு நுனி 80 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம். இரண்டையும் சேர்த்தால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 20 கிராம் சுமைதான் வரும். சைக்கிளை அழுத்தி மிதிக்கும் வேகத்திலேயே மிதக்கும். 2212 அளவு, 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார். மூன்று செல் 1000 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. பத்து அங்குலப் புரொப்பல்லர். இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டாரான 9 கிராம் சர்வோ நான்கு. பாதி விசைக்கு மேல் எனக்குத் தேவைப்படுவதே இல்லை.

கையை விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்று, அப்படியே விழுகிறது. மோட்டார் போதவில்லையா அண்ணா? (திருவாரூர்)

மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். வால் கனம். பழைய விமானங்களுக்கு மூக்கு குட்டை, உடல் நீளம். உங்கள் வால் சமநிலைப் புள்ளியிலிருந்து 45 செ.மீ. தள்ளி இருக்கிறது, பேட்டரியோ 15 செ.மீ. முன்னால். வாலில் ஒரு கிராம் பசை கூடினால் மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டும். என் முதல் விமானத்தில் வாலுக்கு அழகாக இரண்டு கோட்டு பெயின்ட் அடித்தேன். அதற்குத் தண்டனையாக மூக்கில் 40 கிராம் மீன்வலை ஈயத்தைக் கட்டிப் பறந்தேன். பறந்தேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

இரட்டை இறக்கையில் அந்தப் புள்ளியைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். என்னுடையதில் மேல் இறக்கை கீழ் இறக்கையைவிட 4 செ.மீ. முன்னால் நிற்கிறது. ஆகவே இரண்டுக்கும் பொதுவான முன்விளிம்பு, மேல் விளிம்புக்கு 2 செ.மீ. பின்னால் இருப்பதாகக் கொள்ளுங்கள். அங்கிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்கு, அதாவது மூன்றரை செ.மீ. ஆக, மேல் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஐந்தரை. அந்த இடத்தில் இரு விரல் நுனியால் தூக்கினால் மூக்கு இம்மியளவு தாழ்ந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வீட்டிலேயே இருங்கள்.

பால்சா என்ற லேசான மரத்துக்குப் பதில் நெட்டி பயன்படுமா? எங்கள் குளத்தில் நிறைய விளைகிறது. (பள்ளி மாணவி, ஒரத்தநாடு)

நல்ல கேள்வி அம்மா. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரிய கோயிலையே அதில் செதுக்குகிறார்கள். ஆனால் இறக்கையின் முதுகெலும்புக் கட்டைக்கு ஆகாது. வளைத்தால் பஞ்சு போல நசுங்கும், ஈரத்தை உறிஞ்சும். அதற்கு மூங்கில் சிம்பு போதும். விமானியின் தலை, மூக்கில் வைக்கும் போலி எஞ்சின் சிலிண்டர் ஆகியவற்றுக்கு நெட்டியை மிஞ்ச எதுவுமில்லை. கூரிய கத்தியை இழுத்து அறுங்கள், அழுத்தாதீர்கள். என் விமானியின் தலைக்கவசம், கண்ணாடி, மீசை எல்லாம் சேர்த்தும் ஒரு கிராம் இல்லை.

எங்கே, எப்போது பறக்கவிடுவது? (விவசாயி, மன்னார்குடி)

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பா அறுத்த வயல் வெறும் தரையல்ல. அறுப்புக்கு முன்பே உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். அதில் விமானத்தை இறக்கிவிட்டு மிதித்துக்கொண்டு ஓடினால் வசவு நிச்சயம், நியாயமும்கூட. மாசி, பங்குனியில் காலை ஆறரைக்கு, தண்ணீர் இல்லாத கொள்ளிடத்து மணல் நல்ல இடம். மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12. அதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். மணலில் சிறு சக்கரம் புதைந்து குப்புறக் கவிழும், பெரிய சக்கரமாகப் போடுங்கள்.

ஆடிக் காற்றில் வேண்டவே வேண்டாம். கம்பியும் கட்டையுமாக இந்த விமானம் காற்றை எதிர்த்து முன்னேறாது. ஒரு ஆடியில் என்னுடையது முழு விசையில் முன்னோக்கி ஓடியபடியே பின்னோக்கிப் போய்த் தென்னந்தோப்பில் செருகிக்கொண்டது. மரமேறியவர் இரண்டு இளநீரையும் விமானத்தையும் சேர்த்து இறக்கிவிட்டு, இளநீருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

தஞ்சாவூர் நகரத்து மைதானத்தில் விடலாமா?

கூடாது. அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 முதல் சுகோய் 30 போர் விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. நம் பொம்மையும் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளுக்குள் வருகிறது. எங்கே பறக்கவிடலாம் என்பதை நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறம் என்று பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறங்கள்.

இடப்பக்கம் திருப்பினால் மூக்கு முதலில் வலப்பக்கம் போகிறதே? (மயிலாடுதுறை)

கீழே இறங்கும் ஏலெரான் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) கூடுதல் காற்றுத்தடையை உண்டாக்கி அந்த இறக்கையைப் பின்னுக்கு இழுக்கிறது. பழைய வகை விமானங்களில் அதிகம் தெரியும் குணம். ஏலெரான் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் அசையும்படி அமையுங்கள். கூடவே ரடரையும் (வாலில் உள்ள திசைத் துடுப்பு) கொடுங்கள்.

இறக்கைகளுக்கிடையே கம்பி கட்டாயமா?

என் அளவுக்கு அழகுக்குத்தான். எலாஸ்டிக் நூல் போதும்.

தரையிறக்கும்போது கடைசி நிமிடத்தில் தொப்பென்று விழுகிறது சார். (சீர்காழி)

மோட்டாரை அணைத்துவிட்டு இறக்குகிறீர்கள். காற்றுத்தடை அதிகம், வேகம் சட்டென்று செத்துவிடும். கால்வாசி விசையை வைத்துக்கொண்டே வாருங்கள். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு அணையுங்கள். அப்போதும் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) குச்சியைப் பின்னுக்கு இழுத்தபடியே இருங்கள், இல்லாவிட்டால் மூக்கில் நின்றுவிடும்.