வீட்டுக் கணினியில் ரேம் கூட்டினால் வேகம் கண்ணுக்குத் தெரியுமா?

சிலருக்கு நன்றாகவே தெரியும், சிலருக்குத் துளியும் தெரியாது. நீங்கள் எந்தக் கட்சி என்பதை உங்கள் கணினியே காட்டிவிடும். அதற்குக் கடைக்காரர் வாக்கு தேவையில்லை. நானும் ஒரு கடைக்காரன்தான். காவேரிப்பட்டணத்தில் கணினி பழுது பார்ப்பது என் பிழைப்பு. ரேம் விற்றால் எனக்கும் நாலு காசு மிஞ்சும். ஆகவே இந்தப் பதிலையும் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

கேட்டிருப்பவர் தர்மபுரிக்காரர். அவர் கணினியில் ஆறாம் தலைமுறை ஐ3 பிராசசர் (கணினியின் மூளை), 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து முடித்து வந்தாலும் குரோம் திறந்தபாடில்லை என்கிறார். மகளின் கல்லூரி வேலை, வீட்டுக் கணக்கு, யூடியூப், இவ்வளவுதான் பயன்பாடு. ஊரில் ஒரு கடையில், 16 ஜிபி போட்டால் பறக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். போடலாமா என்பது கேள்வி.

முதலில் ரேம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். சீசனில் எங்கள் பக்கத்து மாங்காய் மண்டிக்கு வந்து பாருங்கள். களத்தில் இடம் இருக்கும்வரை வண்டி வந்த வேகத்தில் இறக்கி, தரம் பிரித்து, ஏற்றி அனுப்பிவிடுவார்கள். களம் நிரம்பிவிட்டால் பாதிச் சரக்கை ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வர வேண்டும். ஆட்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள், சரக்கு நகராது. களத்தைப் பெரிதாக்கினால் அந்த ஓட்டம் நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே பாதிக் களம் காலியாகக் கிடக்கும் மண்டியில் இன்னும் பத்து சென்ட் சேர்த்தால் ஆட்களின் கை வேகமா கூடிவிடும்?

களம்தான் ரேம். கிடங்கு என்பது ஹார்ட் டிஸ்க் அல்லது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி. ரேம் போதாதபோது விண்டோஸ் சும்மா இருப்பதில்லை. அந்த நேரத்தில் தொடாத தகவல்களை டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைல் என்ற கோப்பில் எழுதி வைத்துவிட்டு, கேட்கும்போது மீண்டும் படித்துக்கொண்டு வருகிறது. இந்தப் போக்குவரத்துதான் கணினி 'தொங்குவது' போலத் தெரியக் காரணம். எவ்வளவு தாமதம்? ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ வினாடி. சுழலும் ஹார்ட் டிஸ்கில் அதே வேலைக்கு ஏறக்குறைய 10 மில்லி வினாடி. அதாவது லட்சம் மடங்கு. ரேமில் ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஹார்ட் டிஸ்கில் ஒரு நாளைக்கு மேல் காத்திருக்க வேண்டும். சாட்டா என்ற வழக்கமான இணைப்பில் ஓடும் நல்ல எஸ்எஸ்டியில் அதுவே கால் மணி நேரச் சொச்சம்தான். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் தட்டு ஒரு முழுச் சுற்றுக்கு எடுத்துக்கொள்வதே 8.3 மில்லி வினாடி; இதில் எந்தக் கம்பெனியின் டிஸ்க் என்பதால் பெரிய வித்தியாசம் வந்துவிடாது.

ஆகவே, ரேம் கூட்டுவது கணினியை வேகமாக்குவதில்லை. அது நிற்கும் இடங்களைக் குறைக்கிறது. நிற்காத கணினிக்கு அதனால் லாபம் இல்லை.

உங்கள் கணினி ரேமுக்காகத்தான் நிற்கிறதா என்று பார்க்கப் பைசா செலவில்லை. வழக்கமாக எதையெல்லாம் ஒரே நேரத்தில் திறந்து வைப்பீர்களோ, அதையெல்லாம் திறந்துகொள்ளுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைச் சொடுக்குங்கள். எல்லோரும் சதவீதத்தைத்தான் பார்க்கிறார்கள். 70 சதவீதம் என்று இருந்தாலே பதறிப்போய் எனக்குப் போன் செய்பவர்கள் உண்டு. பதற வேண்டியதில்லை. வாங்கிப் போட்ட ரேம் பயன்படுவது நல்லதுதானே. நான் முதலில் பார்ப்பது அதற்குக் கீழே இருக்கும் கமிட்டட் என்ற எண்ணை. திறந்திருக்கும் புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வைத்திருக்கும் மொத்த இடம் அது. 4 ஜிபி கணினியில் அந்த எண் 6, 7 என்று நின்றால், மிச்சம் பெரும்பாலும் டிஸ்கில்தான் குடியிருக்கிறது. அதே நேரத்தில் டிஸ்க் வரைபடமும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், ரேம் போதவில்லை.

மாறாக, ரேமில் இடம் மிச்சம் இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதம் என்றால், நோய் வேறு. ரேம் எத்தனை போட்டாலும் தீராது. என் மேசைக்கு வரும் பழைய வீட்டுக் கணினிகளில் இந்த ரகம்தான் அதிகம். காலையில் போட்டவுடன் விண்டோஸ் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. முதல் தடவை எல்லாவற்றையும் டிஸ்கிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். 64 ஜிபி ரேம் போட்டிருந்தாலும் அதே கதிதான்.

சரி, ரேம் போட்டதும் உடனே பலன் தெரிந்தவர்கள் யார்? பாலக்கோடு பக்கத்தில் திருமண ஆல்பம் செய்யும் ஒரு தம்பி இருக்கிறார். 8 ஜிபி கணினியில் ஃபோட்டோஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். 12க்கு 36 அங்குல ஆல்பம் தாள் ஒன்றை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் திறந்தால், 3600க்கு 10800 புள்ளிகள், கிட்டத்தட்ட 3.9 கோடிப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்றால் பின்னணி மட்டுமே 110 எம்பிக்கு மேல். அதன் மேல் மணமக்கள் படம், பூ வேலைப்பாடு, நிழல், எழுத்து என்று பத்துப் பதினைந்து லேயர், அதாவது அடுக்கு, ஏறும். பின்னால் போய்த் திருத்துவதற்காக முந்தைய நிலைகளையும் ஃபோட்டோஷாப் சேர்த்து வைத்துக்கொள்ளும். இரண்டு தாள்களை ஒன்றாகத் திறந்தாலே 8 ஜிபி மூச்சுத் திணறிவிடும். முகூர்த்த மாதத்தில் அவர் கணினி முன்னால் உட்கார்ந்து சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். 32 ஜிபி ஆக்கிய பிறகு அந்த வட்டம் வருவது அரிதாகிவிட்டது. ஒரு தாளை முடிக்கும் நேரம் குறைந்ததை அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. ஆனால் முடித்த தாளை ஜேபிஜி ஆக்குவதற்கு முன்பு எவ்வளவு நேரம் ஆனதோ ஏறக்குறைய அதேதான் இப்போதும் ஆகிறது. அது பிராசசர் செய்யும் வேலை.

இன்னொரு கூட்டம், பெங்களூரு கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தபடி வேலை செய்யும் பர்கூர், ஓசூர்ப் பிள்ளைகள். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின், ஆண்ட்ராய்ட் செயலி எழுதும் மென்பொருள், கூடவே வீடியோ கூட்டம் என்று வைத்திருப்பவர்களுக்கு 8 என்பது பற்றாக்குறை. 16 ஆக்கியதும் அன்றைக்கே தெரியும். குரோமில் நாற்பது பக்கங்களைத் திறந்து வைத்து எதையும் மூடமாட்டேன் என்று சபதம் எடுத்தவர்களையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். குரோம் பெரும்பாலும் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிப் புரோசஸாக, அதாவது தனித்தனி வேலையாக, ஓட்டுகிறது; ஒன்று கெட்டால் மற்றது கெடாது, ஆனால் ரேம் கரையும்.

மற்றபடி டேலி, எக்செல், கடிதம், வீடியோ பார்ப்பது, ஆன்லைனில் மின் கட்டணம் கட்டுவது, இதற்கெல்லாம் 8 ஜிபி போதும் என்பதே என் கணிப்பு. 8-லிருந்து 16-க்குப் போனால் இவர்களில் பெரும்பாலோருக்கு எண்தான் மாறும், நடை மாறாது. 4-லிருந்து 8-க்குப் போவது வேறு விஷயம். விண்டோஸ் 11 நிறுவக் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. குறைந்தபட்சம் என்றால் நிறுவிப் பார்க்கலாம் என்ற அளவுக்குத்தான், நிம்மதியாக வேலை செய்ய அல்ல.

ரேம் போட்டும் பலனில்லாமல் போவதற்கு இன்னொரு வேடிக்கையான காரணமும் உண்டு. ஒரு கிரானைட் பட்டறை அலுவலகக் கணினியில் யாரோ 8 ஜிபி போட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே இருந்ததோ 32 பிட் விண்டோஸ். வீட்டுக் கணினிகளுக்கான 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எட்டிப் பார்க்காது. அதிலும் நடைமுறையில் கிடைப்பது மூன்றேகால், மூன்றரை ஜிபிதான். மிச்ச ரேம் காசு கொடுத்து வாங்கிய அலங்காரமாக உட்கார்ந்திருந்தது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போனால் 32 பிட்டா 64 பிட்டா என்று எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினியின் விசிறியில் கல் தூள் அப்பிப்போய்க் காற்றே போகவில்லை என்பது தனிக் கதை. சூடேறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக்காரர்கள் ரேம் வாங்கப் புறப்படும் முன்பு கேபினெட்டைத் திறந்து தூசி தட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும்.

லேப்டாப் என்றால் ரேம் வாங்கும் முன்பு திறந்து பார்த்துவிட வேண்டும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற வழியில்லை. அரசு தந்த விலையில்லா மடிக்கணினி வைத்திருப்பவர்களும் அடிக்கடி இதைக் கேட்கிறார்கள். தெருவுக்கு ஒன்றாவது இருக்கிறது. மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால், பின்மூடியைக் கழற்றி, ரேம் செருகும் ஸ்லாட்டைப் பார்த்த பிறகே பதில் சொல்வது என் வழக்கம். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் தலைமுறைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வெட்டுக்குறி வெவ்வேறு இடத்தில் இருக்கும். தொல்லை தருவது டிடிஆர்3 காலத்து லேப்டாப்தான். அதில் 1.5 வோல்ட் ரகமும், 1.35 வோல்ட்டில் ஓடும் 'எல்' ரகமும் ஒரே வடிவத்தில் இருக்கும். ஸ்லாட்டில் அழகாக உட்காரும், திரை மட்டும் வராது.

ஒரே அளவில் இரண்டு ரேம் போட்டால் இரட்டைப் பாதையில் தகவல் போகும் என்று சொல்வார்கள். உண்மைதான். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் விளையாடுபவர்களுக்கு இதில் நல்ல வித்தியாசம் தெரியும், ஏனென்றால் அங்கே படம் வரைவதற்கும் இதே ரேம்தான். எக்செல் பார்ப்பவருக்குத் தெரியாது.

விலையையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம், சந்தேகமாக இருந்தால் ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். 2025 இறுதியிலிருந்து அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன. மெமரி தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த தொழிலையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. விலை ஏறியதும் பெங்களூரில் கணினிச் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பழைய ரேமுக்குக் கூட மவுசு வந்துவிட்டது. பழையது வாங்குவது தவறில்லை. போட்டவுடன் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனையை ஒரு முறை முழுதாக ஓடவிடுங்கள், பிழை காட்டினால் அன்றே திருப்பிக் கொடுங்கள்.

இனித் தர்மபுரி நண்பருக்கு. உங்கள் கணினியில் இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கிறது: 4 ஜிபியும் போதாது, ஹார்ட் டிஸ்கும் இழுக்கிறது. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸை நிறுவுங்கள். பழைய டிஸ்க் படங்களுக்கும் பாடங்களுக்கும் இருந்துவிட்டுப் போகட்டும். குளித்துவிட்டு வரும் அவகாசம் இனிக் கிடைக்காது. அடுத்த மாதம் முடிந்தால், இருப்பதைப் போலவே இன்னொரு 4 ஜிபி ரேம். டாஸ்க் மேனேஜரின் அதே பக்கத்தில் வேகமும், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 16 ஜிபி வேண்டாம். ஆறாம் தலைமுறை ஐ3-க்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கிடையாது, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இந்தப் பெட்டியில் அதற்கு மேல் பணத்தைக் கொட்டாதீர்கள். மகளுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கலாம். அதற்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 4 ஜிபி, உங்களிடம் 8 இருக்கும்.

ரேமை நீங்களே மாட்டிவிடலாம், என்னைப் போன்றவருக்குக் கூலி தர வேண்டியதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்ட பிறகு ரேமைத் தொடுங்கள். வெட்டுக்குறியை நேராக வைத்து, கொக்கி தானாகப் பூட்டும்வரை அழுத்த வேண்டும். பலர் பயந்துகொண்டு பாதியில் விட்டுவிடுகிறார்கள். போட்டதும் திரை வராமல் பீப் சத்தம் வந்தால் கணினி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டையும் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, முதலில் பழைய ரேமை மட்டும் மாட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் புதியதையும் சேர்த்து மாட்டுங்கள்.