பெரிய ஆர்டர் வருகிறது, வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். 16 மெஷின், 18 ஆட்கள். இரண்டு எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிறேன். மாதம் நாலரை லட்சத்துக்கு பில் போடுகிறேன், 30 நாளில் பணம் வந்துவிடும். இப்போது ஒரு பெரிய கம்பெனி இதே அளவு வேலையை மாதாமாதம் தருவதாகச் சொல்கிறது. பேமெண்ட் மட்டும் 90 நாள். அதற்கு இன்னும் 14 மெஷின் போட வேண்டும், 8 லட்சத்துக்கு கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். கைச்செலவுக்கு 2 லட்சம் சேர்த்து, வீட்டின் பேரில் 10 லட்சம் கடன் வாங்கலாமா, அல்லது மனைவியின் நகையை வைக்கலாமா? என் கட்டிங் மாஸ்டர் 9 வருடமாக என்னோடு இருக்கிறார். யூனிட் பெரிதானால் தன்னையும் பார்ட்னராகச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். அதற்கும் பதில் சொல்லுங்கள்.
- வாசகர், திருப்பூர்

பதில்: வீடா நகையா என்பதற்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் பேசிவந்த நிபந்தனைப்படி இந்த ஆர்டரை எடுத்தால் உங்களுக்குத் தேவைப்படுவது 10 லட்சம் இல்லை, 24 லட்சம்.

கணக்கு இதுதான். 14 மெஷினுக்கு டைலர், கைமடி (உதவியாள்), செக்கிங் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 16 பேர் வேண்டும். தலைக்கு நாள் ஒன்றுக்குச் சராசரியாக 600 ரூபாய் என்று வைத்தால் சனிக்கிழமைதோறும் 57,600 ரூபாய் கூலி. ஈ.எஸ்.ஐ.யும் சேர்த்தால் மாதம் சுமார் 2.6 லட்சம். புது ஷெட் வாடகை 20,000, கரண்ட் 20,000, நூல், ஊசி, மெஷின் ரிப்பேர் 25,000, டெம்போ 10,000. இதுவரை 3.35 லட்சம். மிச்சம் ஒரு லட்சத்துக்கு மேல் நிற்கிறதே என்று தோன்றும். உங்கள் மனதில் இருக்கும் கணக்கும் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் இப்போது உங்களிடம் 18 பேர். 20 பேரைத் தொட்டதும் பி.எஃப். வந்துவிடும். அது புதிதாக வருகிறவர்களுக்கு மட்டுமல்ல, மொத்த 34 பேருக்கும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் முதலாளி பங்கு 12%, நிர்வாகக் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்த்தால் 13%. தலைக்கு 13,000 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 57,000 ரூபாய். ஆக இந்த ஆர்டரால் கூடும் மாதச் செலவு ஏறக்குறைய 3.9 லட்சம். கையில் நிற்பது 60,000. தீபாவளி போனஸை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. (மனைவி பேரில் இன்னொரு கம்பெனி ஆரம்பித்து ஆட்களைப் பிரித்துக் காட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒரே இடம், ஒரே வேலை, ஒரே முதலாளி என்றால் இரண்டையும் ஒன்றாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று பி.எஃப். அலுவலகத்துக்குத் தெரியும். பழைய பாக்கியோடு அபராதமும் வரும். வேண்டாம்.)

இனி 90 நாளுக்கு வருவோம். முதல் மாதம் தைக்கிறீர்கள், மாதக் கடைசியில் பில் போடுகிறீர்கள். பணம் வருவது நாலாவது மாத முடிவில். அதுவரை நாலு மாதச் செலவு, அதாவது 15.6 லட்சம், உங்கள் கையிலிருந்து போக வேண்டும். ஜி.எஸ்.டி. அதற்கெல்லாம் காத்திருக்காது. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ம் தேதி, பணம் வந்தாலும் வராவிட்டாலும், 5% கட்டியாக வேண்டும். மூன்று மாதத்துக்கு 67,500 ரூபாய். மெஷினுக்கு 8 லட்சம். கூட்டினால் 24 லட்சத்தைத் தாண்டுகிறது. 10 லட்சத்தை வைத்து ஆரம்பித்தால் முதல் மாதத்துக்குள்ளேயே சனிக்கிழமை கூலிக்குக் கைமாற்று தேடி ஓட வேண்டியிருக்கும். கூலி ஒரு வாரம் தள்ளினால் திருப்பூரில் டைலர் நிற்க மாட்டார். பக்கத்துத் தெருவிலேயே ‘ஆட்கள் தேவை’ போர்டு தொங்கும்.

சரி, 24 லட்சமும் கடனாகவே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 11% வட்டி என்றால் மாதம் 22,000. மெஷின் கடனின் அசலை 4 வருடத்தில் அடைக்க மாதம் 16,700. உங்கள் 60,000-ல் மிஞ்சுவது சுமார் 21,000 ரூபாய். ஒரு லாட்டில் ஆயில் கறை, அளவு வித்தியாசம் என்று கம்பெனி பில்லில் ஒரு லட்சத்தைப் பிடித்துக்கொண்டு டெபிட் நோட் அனுப்பினால் ஐந்து மாத உழைப்பு போச்சு. 34 பேரை மேய்ப்பதற்கு இது கூலியா?

அதனால் ஆர்டரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நிபந்தனையை மாற்றிப் பேசுங்கள் என்கிறேன். பேசுவதற்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006-ம் வருடத்து சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ வேலையோ வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். 90 நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் 45-க்கு மேல் செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு.

வட்டி கேட்டு யாரும் போவதில்லை, எனக்கும் தெரியும். தாமதப் பாக்கிக்கான அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிக்குப் பயப்படாத கம்பெனி குறைவு. மார்ச் 31 அன்று உங்களுக்குக் கெடு தாண்டிய பாக்கி வைத்திருந்தால், அந்தத் தொகையை அவர்கள் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. அதற்கும் சேர்த்து வரி கட்ட வேண்டியிருக்கும். அதனால் நீங்கள் சண்டை போட வேண்டியதே இல்லை. குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழின் நகலை ரேட் பேசும்போதே கொடுத்து, ‘எங்களுக்கு 45 நாள் கணக்கு, உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்’ என்றால் போதும். பர்ச்சேஸ் மேனேஜரிடம் பேசுவதைவிட அக்கவுண்ட்ஸ் ஆளிடம் பேசினால் வேலை சீக்கிரம் நடக்கும். உத்யம் பதிவு இன்னும் செய்யவில்லை என்றால் இன்றே செய்யுங்கள். இலவசம்தான், ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். முதல் லாட் போவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய இன்னொன்று, மாதம் ஒரு பில் போடாமல் 15 நாளுக்கு ஒன்று போட அனுமதி. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 45 நாளும் 15 நாள் பில்லும் சேர்ந்தால் முதல் பணம் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். நீங்கள் போட வேண்டிய நாலு மாதச் செலவு இரண்டு மாதமாகிறது. 15.6 லட்சம் 7.8 லட்சமாகிறது. பீஸுக்கு ஐம்பது காசு கூட்டிக் கேட்டு மல்லுக்கட்டுவதைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கம்பெனி 250 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளது என்றால் பில்லை வங்கிகளிடம் விற்றுப் பணமாக்கும் டிரெட்ஸ் இணையதளத்தில் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இருந்தால் அவர்கள் ஒப்புக்கொண்ட பில்லை வங்கிகள் போட்டிபோட்டு வாங்கிக்கொள்ளும், உங்களுக்குப் பணம் சில நாளில் வந்துவிடும். பின்னால் வாங்கியவர் கட்டாவிட்டாலும் உங்களிடம் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

மெஷினை இப்போது வாங்காதீர்கள். திருப்பூரில் பவர் மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதம் வாடகையில் ஓட்டுங்கள். லாபத்தில் கொஞ்சம் கடிக்கும், கடிக்கட்டும். அந்தக் கம்பெனி சொன்ன நாளில் பணம் தருகிறதா, சும்மா டெபிட் போடுகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். அவர்களுடைய ஷிப்மெண்ட் எந்த நாட்டுக்குப் போகிறது என்றும் விசாரியுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50% வரி போட்டபோது, ஒரே நாட்டை நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்த ஆர்டர் வந்தால் உங்கள் பில்லில் பாதி இவர்களுடையதாகிவிடும். எனவே பழைய இரண்டு கம்பெனிகளின் லாட்டை ஒரு நாள்கூடத் தாமதப்படுத்தாதீர்கள்.

இப்படிப் பார்த்தால் இரண்டு மாதச் செலவு 7.8 லட்சம், ஒரு மாத ஜி.எஸ்.டி., அவசரத்துக்கு மூன்று வாரக் கூலி, எல்லாம் சேர்ந்து 10 லட்சம்தான். ஆக நீங்கள் சொன்ன தொகை சரிதான், ஆனால் அது மெஷினுக்கு இல்லை, கூலிக்கு. அதனால் தவணைக் கடனாக வாங்காமல் நடப்பு மூலதனத்துக்கான கேஷ் கிரெடிட்டாகக் கேளுங்கள். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. குறு, சிறு தொழிலுக்கு இந்த 10 லட்சம் அளவிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் உத்தரவு இருக்கிறது. அதற்கு மேல் போனாலும் சிறு தொழில் கடனுக்கு வங்கியிடம் பொறுப்பேற்கும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. நிதியின் உத்தரவாதத்தில் கேட்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ‘வீட்டுப் பத்திரம் கொண்டு வாங்க’ என்று மேனேஜர் சொன்னால் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு வருட ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மெண்ட், உத்யம், புது கம்பெனியின் ஆர்டர் கடிதம், மேலே போட்ட கணக்கு ஒரு பக்கத்தில். இவ்வளவையும் கொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கட்டிங் மாஸ்டர் விஷயம். பார்ட்னர்ஷிப் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அது அவருடைய நல்லதுக்கும்தான். கூட்டு நிறுவனத்தில் ஒருவர் வாங்கும் கடனுக்கு மற்றவரின் வீடுவாசலும் பொறுப்பாகும். ஆனால் வெறுங்கையோடு ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஒன்பது வருடம் இருந்தவர் கேட்பது பணம் மட்டுமாக இருக்காது. கட்டிங், செக்கிங், பையர் ஆபீஸ், சனிக்கிழமை கணக்கு என்று எல்லாவற்றுக்கும் நீங்களே ஓடும் முறை 18 பேரோடு முடிந்தது. 34 பேருக்கு உள்ளே ஒருவர் முழுப் பொறுப்பில் இருந்தே ஆக வேண்டும். அவரைப் புரொடக்‌ஷன் இன்சார்ஜ் ஆக்குங்கள். சம்பளத்தை உயர்த்துங்கள். புது ஆர்டரில் டெபிட் நோட், ரீவொர்க் கழித்து நிற்கும் லாபத்தில் ஒரு சதவீதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தருவதாக எழுதிக் கொடுங்கள். அதற்கு நீங்கள் அவரிடம் கணக்கைத் திறந்து காட்ட வேண்டிவரும். பல முதலாளிகளுக்கு இதுதான் கஷ்டம். ஆனால் கறை பட்ட ஒரு பீஸ் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்தவர்தான் டேபிளில் நின்று அதைத் தடுப்பார்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். உங்களுக்கு யூனிட்டிலிருந்து சம்பளம் உண்டா? பெரும்பாலும் கல்லாவிலிருந்து வீட்டுக்குத் தேவைப்பட்டதை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். மாதம் ஒரு தொகையை முடிவு செய்து கரண்ட் அக்கவுண்டிலிருந்து உங்கள் சேவிங்ஸ் கணக்குக்கு மாற்றுங்கள். மேலே சொன்ன 60,000 உண்மையான லாபமா, உங்கள் உழைப்புக்கான சம்பளமா என்பது அப்போதுதான் பிடிபடும்.

கடைசியாக நகை. வீட்டைத் தொட வேண்டாம். நகையை வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு காரணத்துக்கு வையுங்கள்: கம்பெனி ஒப்புக்கொண்ட பில் ஒன்று வர வேண்டியிருக்கிறது, வர 20 நாள் ஆகும், ஆனால் கூலி தர வேண்டிய சனிக்கிழமை நாளைக்கே. பணம் வந்த அன்றே மீட்டுவிட வேண்டும். மெஷினுக்கும் அட்வான்ஸுக்கும் நகை வேண்டாம். 45 நாளுக்கு அந்தக் கம்பெனி இறங்கிவரவே மாட்டேன் என்றால், 14 மெஷினுக்குப் பதில் 4 மெஷினை வாடகைக்கு எடுத்து அதற்குத் தகுந்த வேலையை மட்டும் வாங்குங்கள். அதற்கு நாலைந்து பேருக்கு மேல் தேவைப்படாது, உங்களிடம் இருக்கும் ஆட்களையே நகர்த்தி 19-க்குள் நிறுத்த முடியுமா என்று கட்டிங் மாஸ்டரோடு உட்கார்ந்து பாருங்கள்.