ஐஏடி சென்சார்: எங்கே தேடுவது, எப்படிச் சுத்தம் செய்வது?

வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் விழுந்துவிட்டது, செக் என்ஜின் லைட் எரிகிறது. கத்திரி வெயில் தொடங்கினால் திருநெல்வேலிப் பக்கம் இந்த மூன்று புகாரும் சேர்ந்தே வரும். இந்த முறை கேட்டவர்கள் பலரிடம் யாரோ “ஐஏடி சென்சார் போயிருக்கும், மாத்திருங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் அது. மாற்றுவதற்கு முன்னால் அது என்ன காட்டுகிறது என்று பாருங்கள் என்பதுதான் என் கட்சி. பாளையங்கோட்டையில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேலப்பாளையம், கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, அந்த சென்சாரில் சொருகியிருக்கும் ஒயர் இணைப்பை, அதுதான் கப்ளரை, கழற்றிவிட்டாலும் வண்டி ஓடத்தான் செய்கிறது. அப்புறம் அது எதற்கு?

ஓடும் தம்பி, ஆனால் குத்துமதிப்பாக ஓடும். சென்சாரின் நுனியில் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு மணி இருக்கிறது. தெர்மிஸ்டர் என்பார்கள். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பல கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 40 டிகிரியில் 1,200 ஓம் பக்கம், 80 டிகிரியில் 300 சொச்சம். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு 5 வோல்ட் அனுப்பி, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துச் சூட்டைக் கணக்குப் போடுகிறது.

காற்று சூடானால் அடர்த்தி குறையும். குற்றாலச் சாரலில் 25 டிகிரிக் காற்றை இழுக்கிற இன்ஜின், நம்மூர் மத்தியானத்தில் 45 டிகிரிக் காற்றை இழுத்தால், அதே கொள்ளளவில் காற்று சுமார் 6 சதவீதம் குறைவு. அதற்கேற்ப பெட்ரோலைக் குறைக்க வேண்டும், இக்னிஷன் டைமிங்கையும், அதாவது ஸ்பார்க் விடும் நேரத்தையும், கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும். இன்ஜின் இழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடும் சின்னக் கார்களுக்கு இந்தக் கணக்கு உயிர்நாடி. ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகள் காற்றின் எடையையே நேரடியாக அளப்பதால் பாதிப்பு கொஞ்சம் குறைவு. கப்ளரைக் கழற்றினால் இசியு லைட்டைப் போட்டுவிட்டு, தானாக ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு ஓட்டும். நீங்கள் பார்த்தது அதுதான்.

வள்ளியூர், டாக்ஸி ஓட்டுகிறவர்: பானெட்டைத் திறந்து தேடிப் பார்த்துவிட்டேன், கண்ணில் படவில்லை. எங்கே இருக்கும்? என்னுடையது பழைய 1.3 டீசல்.

ஏர் ஃபில்டர் பெட்டியில் கையை வைத்து, அங்கிருந்து குழாயைத் தடவிக்கொண்டே இன்ஜின் வரை போங்கள். காற்று போகும் வழியை விட்டு இந்த சென்சார் வேறெங்கும் இருக்க முடியாது. வழியில் ஒயர் சொருகியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும் நின்று ஒயரை எண்ணுங்கள்.

இரண்டே ஒயர் என்றால் அது தனி ஐஏடி. கட்டைவிரல் அளவு இருக்கும். ஃபில்டர் பெட்டி மூடியிலோ, அதற்கு அடுத்த குழாயிலோ ஒரு ரப்பர் வளையத்தில் சொருகியிருக்கும். நுனியில் சின்னக் கூண்டு, கூண்டுக்குள் அந்த மணி. ஃபில்டரைத் தாண்டியதும் நாலைந்து ஒயரோடு ஒரு பெரிய சென்சார் இருந்தால் அது ஏர் ஃப்ளோ சென்சார். டொயோட்டா பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஐஏடி அதற்குள்ளேயே அடங்கியிருக்கும், தனியாகத் தேடினால் கிடைக்காது. ஹூண்டாயின் கப்பா இன்ஜின் போன்றவற்றில், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டின் மேல் மேப் சென்சாரும் ஐஏடியும் ஒரே கூட்டில் இருக்கும். ஒரே ஸ்க்ரூ, நான்கு ஒயர்.

உங்களுடையது ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா என்று பல வண்டிகளில் வந்த ஃபியட் இன்ஜின். அதில் காற்றின் சூட்டை இரண்டு இடத்தில் அளக்கிறார்கள். ஃபில்டரை அடுத்த ஏர் ஃப்ளோ சென்சாருக்குள் ஒன்று. டர்போவும் இன்டர்கூலரும் தாண்டி மேனிஃபோல்டில் உட்கார்ந்து, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாருக்குள் இன்னொன்று. முதலாவதில் தூசிதான் படியும். இரண்டாவதில் எண்ணெயும் கரியும் சேர்ந்து பசையாக ஒட்டும். சுத்தம் செய்து பலன் தெரிவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

ஒரு எச்சரிக்கை. தெர்மோஸ்டாட் பக்கம் பித்தளை அறுகோணத் தலையோடு இரண்டு ஒயர் சென்சார் ஒன்று இருக்கும். அது கூலன்ட்டின் சூட்டை அளப்பது. சூடான இன்ஜினில் அதைத் திருகினால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். காற்றுக் குழாயில் இல்லாத எதையும் கழற்றாதீர்கள்.

களக்காடு, வாழை வியாபாரி: டேஷ்போர்டில் வெளிச்சூடு 46 என்று காட்டுகிறது. இந்த சென்சாரைத் துடைத்தால் சரியாகுமா?

ஆகாது அண்ணாச்சி. அது வேறு சென்சார், முன் பம்பருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டி நிற்கும்போது தார் ரோட்டின் அனலும் ரேடியேட்டர் சூடும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். ஓட்டத்தில் இறங்கினால் விட்டுவிடுங்கள்.

சங்கரன்கோவில், இளைஞர்: இசியு சொல்வதைப் போனில் காட்டும் புளூடூத் ஸ்கேனர் வாங்கி மாட்டினேன். ஐஏடி மைனஸ் 40 டிகிரி என்று காட்டுகிறது. கோளாறுக் குறியீடு பி0113. சென்சார் செத்துவிட்டதா?

சென்சாரும் செத்திருக்கலாம், ஒயரும் அறுந்திருக்கலாம். மைனஸ் 40 என்றால் கரன்ட் போகும் பாதை எங்கோ துண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். பி0112 வந்தால் அதற்கு நேர் எதிர்: எங்கோ ஷார்ட், காற்று நெருப்பாகக் கொதிப்பதுபோல் காட்டும்.

கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு ஒயர் மட்டும் உள்ள தனி சென்சாராக இருந்தால் கப்ளரைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு முனையையும் ஒரு மெல்லிய கம்பியால் இணைத்துவிட்டு ஸ்கேனரைப் பாருங்கள். நூறைத் தாண்டி எகிறினால் ஒயரிங் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் போய்விட்டது. மைனஸ் 40-லேயே நின்றால் புது சென்சார் வாங்கிப் பிரயோஜனம் இல்லை, ஒயரைப் பாருங்கள். நாலைந்து ஒயர் உள்ள கப்ளரில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. தப்பான இரண்டு முனையைச் சேர்த்தால் இசியுவே போய்விடும்.

வயலோரம் வண்டியை நிறுத்துகிறீர்களா? பிசான அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலி பானெட்டுக்குள் குடியேறும். இந்த மெல்லிய ஒயர்தான் அதன் பல்லுக்கு வாகு. ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது போதாது. அந்தச் சூட்டில் டேப்பின் பசை இளகி வழிந்து, சில மாதத்தில் மூட்டு பச்சை பிடித்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை, பள்ளி ஆசிரியை: டவுனில் கடைக்குப் போய்விட்டு அரைமணி கழித்துக் காரை எடுத்தால் ஐஏடி 65 காட்டுகிறது. வெளியே 38தான். சென்சார் பொய் சொல்கிறதா?

உண்மையைத்தான் சொல்கிறது டீச்சர். இன்ஜினை அணைத்ததும் ஃபேனும் காற்றோட்டமும் நின்றுவிடும். இன்ஜினின் சூடு முழுவதும் பானெட்டுக்குள் தேங்கி, குழாயில் அடைபட்ட காற்றைச் சுடவைக்கும். வண்ணார்பேட்டை பாலத்தைத் தாண்டும்போது மறுபடி பாருங்கள், இறங்கியிருக்கும்.

சென்சாரின் நாணயத்தைச் சோதிக்க நேரம் விடிகாலை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஐஏடி, கூலன்ட் சூடு, வெளிச்சூடு மூன்றும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். மற்ற இரண்டும் 27 என்று நிற்க, ஐஏடி மட்டும் 45 என்றால் அதைச் சந்தேகப்படலாம்.

திசையன்விளை, சுயதொழில்: எங்கள் பக்கம் தேரி மணல். ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே செம்மண் கிடக்கிறது. சென்சாரை நானே சுத்தம் செய்ய நினைக்கிறேன். எப்படி?

தாராளமாகச் செய்யலாம். ஆறின இன்ஜின், சாவி ஆஃப், நிழலான இடம். முதல் வேலை சென்சாரில் இல்லை, அதைச் சுற்றி இருக்கும் மண்ணில். ஈரத்துணியால் சுற்றுப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சென்சாரை உருவியதும் மண் அந்த ஓட்டை வழியாக உள்ளே விழும்.

கப்ளரின் பூட்டை அழுத்திப் பிடித்து, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பழைய வண்டியில் அந்தப் பூட்டு வெயிலில் காய்ந்து பட்டென்று ஒடியும், அவசரப்பட வேண்டாம். ரப்பரில் சொருகிய சென்சார் என்றால் லேசாகத் திருகித் திருகி வெளியே எடுங்கள். ஏர் ஃப்ளோ சென்சாரில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இருக்கும், அதற்கான பிட் இல்லாமல் கட்டிங் பிளேயரால் முயலாதீர்கள்.

நுனியைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஏர் ஃப்ளோ சென்சார் கிளீனர் ஸ்ப்ரேயை ஒரு சாண் தள்ளி நின்று விட்டுவிட்டு அடியுங்கள். அழுக்கு தானாக வழிந்து இறங்கும். அது கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத, படிவு விடாத கான்டாக்ட் கிளீனர். கார்ப் கிளீனரும் பிரேக் கிளீனரும் கூடாது, பிளாஸ்டிக்கையும் மேல் பூச்சையும் அரித்துவிடும். துணி, பட்ஸ், டூத் பிரஷ் எதுவும் நுனியைத் தொடக் கூடாது. ஏர் ஃப்ளோ சென்சாருக்குள் இருக்கும் அளவுக்கம்பி தொட்டாலே போகும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம். இருபது நிமிடம் நிழலில் தானாகக் காயட்டும்.

திரும்பப் போடும்போது ஓ-ரிங்கைப் பாருங்கள். வெடித்திருந்தால் புதிது போடுங்கள். காற்று திருட்டு வழியில் புகுந்தால் ஐட்லிங் ஆடும். பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவைக் கை பலத்தோடு நிறுத்துங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. உங்கள் சென்சார் ஃபில்டருக்கு அப்புறம் இருந்து, அதன் நுனியில் செம்மண் படிந்திருந்தால், அந்த மண் ஃபில்டரைத் தாண்டி வந்திருக்கிறது. சென்சாரைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போனால், அதே மண் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஃபில்டரின் விளிம்பு ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பெட்டியின் கிளிப் எல்லாம் பூட்டுகிறதா, குழாய் மடிப்பில் விரிசல் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். குழாயின் உள்பக்கம் வெள்ளைத் துணியால் துடைத்தால் சிவப்பு ஒட்டக் கூடாது. தேரிக்காட்டில் ஓடும் வண்டிக்குக் கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் அதில் பாதியிலேயே ஃபில்டரை மாற்றுங்கள்.

கடையநல்லூர், வேன் உரிமையாளர்: புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் கரும்புகை, பிக்கப் இல்லை. டீசல் வண்டி. பூஸ்ட் சென்சாரைச் சுத்தம் செய்தால் போதுமா?

சுத்தம் செய்யுங்கள். ஆனால் கழற்றியதும் அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு வழியாக வரும் கரியும் டர்போ பக்கத்து எண்ணெய் ஆவியும் கலந்து மேனிஃபோல்டுக்குள் தார்போல அப்பியிருந்தால், சென்சாரை மட்டும் துடைப்பதில் அர்த்தமில்லை. இஜிஆரையும் மேனிஃபோல்டையும் இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். இன்டர்கூலர் ரப்பர் குழாய் கிழிந்திருந்தாலும் ஏற்றத்தில் இதே கரும்புகைதான். செலவு குறைவு என்பதால் முதலில் அதைப் பாருங்கள். சென்சாரின் துளைக்குள் ஊக்கோ கம்பியோ விடாதீர்கள், பிரஷர் அளக்கும் பாகம் கிழிந்துவிடும்.

ஸ்ரீவைகுண்டம், விவசாயி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கின கார். சரிசெய்து ஓட்டுகிறேன், ஆனால் லைட் வருவதும் போவதுமாக இருக்கிறது.

வந்து வந்து போகிறது என்றால் கப்ளருக்குள் பச்சை பிடித்திருக்கும். தாமிரபரணித் தண்ணீர் வடிந்தாலும் வண்டல் உள்ளே நின்றுவிடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்ததும் சொருகிக் கழற்றி நாலைந்து முறை செய்யுங்கள். முனை அரித்துப் போயிருந்தால் கப்ளரையே மாற்றுங்கள். சென்சாருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

மானூர், பைக் வைத்திருப்பவர்: பிஎஸ்6 பைக்கிலும் இது உண்டா?

ஃப்யூவல் இன்ஜெக்ஷன் பைக்கில் உண்டு. பலவற்றில் திராட்டில் பாடியின் மேலேயே மற்ற சென்சார்களோடு ஒரே துண்டாக இருக்கும். வீட்டில் பிரிக்க வேண்டாம். ஏர் ஃபில்டரை மட்டும் கவனியுங்கள்.

தென்காசி, தனியார் ஊழியர்: ஐஏடி கப்ளரில் சொருகும் ஒரு சின்ன சிப் விற்கிறார்கள். பவரும் கூடும், மைலேஜும் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள் தம்பி. அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது சில பைசா விலையுள்ள ரெசிஸ்டர். காற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்று இசியுவை ஏமாற்றுவதுதான் அதன் வேலை. இசியு அதை நம்பி பெட்ரோலைக் கூட்டும், டைமிங்கை முன்னுக்குத் தள்ளும். மிதியில் ஒரு துடிப்பு தெரிவதுபோல் இருக்கலாம், ஆனால் பெட்ரோல் கூடினால் மைலேஜ் எப்படிக் கூடும்? சித்திரை வெயிலில் ஏசி போட்டு, ஆள் நிறைத்து ஏற்றம் ஏறும்போதுதான் டைமிங் பின்னுக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் அது முன்னுக்கு நின்றால் இன்ஜினில் டக் டக் என்று நாக்கிங் கேட்கும். ஏற்கெனவே மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றிவிட்டு, பழைய கப்ளரை நேராக சென்சாரில் சொருகி, ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை அழித்துவிடுங்கள்.