மூக்குச் சதையில் ரைனோஸ்போரிடியம்: பூஞ்சை மாத்திரை தேவையா?

கேள்வி: என் தம்பியின் மூக்கில் வளர்ந்திருந்த சதையை அகற்றி ஆய்வுக்கு அனுப்பியதில், ‘ரைனோஸ்போரிடியோசிஸ்’ என்று அறிக்கை வந்துள்ளது. ஒரு மருத்துவர் இதைப் பூஞ்சை என்கிறார், மற்றொருவர் ஒட்டுண்ணி என்கிறார். மருந்துக் கடைக்காரரோ பூஞ்சை மாத்திரையை மூன்று மாதம் சாப்பிடச் சொல்கிறார். எது சரி? வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தொற்றுமா? (வாசகர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: மாத்திரையை வாங்க வேண்டாம். குழந்தைகளைப் பற்றிய அச்சமும் வேண்டாம். இந்நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றியதற்கு உறுதியான சான்று இல்லை. கண்மாய், ஊருணி போன்ற தேங்கிய நீரில் குளிக்கும்போது, மூக்கின் உட்பரப்பில் உள்ள சிறு காயத்தின் வழியே ரைனோஸ்போரிடியம் என்ற கிருமி நுழைகிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். உங்கள் மாவட்டத்திலும் இலங்கையிலும் இது அடிக்கடி தென்படுவதை அதனோடு பொருத்திப் பார்க்கிறோம்.

இரு மருத்துவர்களும் இரு விதமாகச் சொன்னதற்கு அவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. 1900-இல் அர்ஜென்டினாவில் சீபர் என்பவர் இந்தக் கிருமியை முதலில் விவரித்தபோது ஒற்றைச்செல் ஒட்டுண்ணி என்றே கருதினார். 1923-இல் ஆஷ்வொர்த் என்ற ஆய்வாளர் இதன் வாழ்க்கைச் சுழற்சியை விரிவாக ஆராய்ந்து பூஞ்சைகளோடு சேர்த்தார். இதன் தடித்த சுவர் பூஞ்சையைக் காட்டும் சாயங்களை நன்றாகவே ஏற்றுக்கொள்வதால், நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கும் அது பொருத்தமாகவே தோன்றியது. 1999-இல், இலங்கையின் பேராதனையைச் சேர்ந்த பேராசிரியர் அர்சகுலரத்னவும் இடம்பெற்ற குழு இதன் ரைபோசோம் மரபணுவை பிற உயிரினங்களோடு ஒப்பிட்ட பிறகுதான் உயிரின வரிசையில் இதன் இடம் தெளிவாயிற்று: விலங்கும் பூஞ்சையும் பாகம் பிரித்துக்கொண்ட பின், விலங்கின் பக்கத்திலிருந்து வெகு முன்னதாகவே தனிக்குடித்தனம் போன கிளை இது. மீன்களைத் தாக்கும் சில ஒட்டுண்ணிகளே இதன் நெருங்கிய உறவினர்கள். ஆக, ஒட்டுண்ணி என்றவர் சொன்னதே சரி.

இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. பூஞ்சை மாத்திரைகளும் ஊசிகளும் பெரும்பாலும் பூஞ்சையின் செல் சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருளைக் குறிவைத்துச் செய்யப்பட்டவை; ரைனோஸ்போரிடியத்திடம் அவை நம்பத்தக்க பலன் எதையும் காட்டியதில்லை. மூன்று மாதம் சாப்பிட்டால் கல்லீரலுக்குத்தான் சோதனை. மருந்துச் சீட்டு இல்லாமல் அவற்றை எடுத்து நீட்டும் கடைக்காரரிடம் இதை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை, வெளியே வந்துவிடுங்கள்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது ‘ஃபங்கல் கல்ச்சர்’ என்ற, பூஞ்சையை ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையின் மீது. இந்தக் கிருமியைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க இன்றுவரை எவராலும் இயலவில்லை. எனவே அதை வளர்த்துக் காட்டுவதாகச் சொல்லி ஆய்வகம் வாங்கும் கட்டணம் வீண். வீண்செலவோடு போனாலும் பரவாயில்லை. மூக்கில் காற்றோடு வந்து தங்கிய ஏதோ ஒரு பூஞ்சை வித்து அந்தத் தட்டில் முளைத்துவிட்டால், அறிக்கையில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்று அச்சாகி, இல்லாத நோய்க்குச் சிகிச்சை தொடங்கிவிடுகிறது. 2021-இன் கருப்புப் பூஞ்சை அச்சத்துக்குப் பிறகு, ‘பூஞ்சை’ என்ற ஒரே சொல்லைக் காட்டிக் குடும்பத்தைப் பதற வைத்து, நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் தரகு வாங்கும் இடைத்தரகர்களும் உண்டு. கருப்புப் பூஞ்சை சில நாட்களிலேயே திசுவை அழிப்பது. இதுவோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. நோயை உறுதிசெய்யத் திசு ஆய்வு ஒன்றே போதும், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

மருந்தே கிடையாதா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு. தொழுநோய்க்குத் தரப்படும் டாப்சோன் என்ற மாத்திரை, கிருமியின் வித்துப் பைகள் முதிர்வதைத் தடுத்து, நோய் திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்கலாம் என்பதால் சில மருத்துவர்கள் அறுவைக்குப் பின் அதைத் தருகிறார்கள். அது அறுவைக்குத் துணையே தவிர மாற்று அன்று. அதைத் தொடங்கும் முன் ‘ஜி6பிடி’ என்ற நொதியின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும், ஏனெனில் அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு டாப்சோன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குறைவு இல்லாதவர்களுக்கும் ஹீமோகுளோபின் இறங்கலாம் என்பதால் இடையிடையே ரத்தம் பார்க்க வேண்டும். பரிசோதனை இல்லாமல் யாராவது எழுதித் தந்தால் வாங்காதீர்கள். டாப்சோனே எழுதாமல் விட்டவரையும் தவறு செய்தவராக எண்ணாதீர்கள்.

நீங்கள் அறுவை செய்த மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: சதை ஒட்டியிருந்த அடிப்பகுதியை மின்சூட்டுக் கருவியால் பொசுக்கினாரா? சதையை மட்டும் பிய்த்து எடுத்துவிட்டு அடியை விட்டால், அங்கிருந்தோ சிதறிய வித்துகளிலிருந்தோ அது மீண்டும் முளைக்கும். பொசுக்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை நிபுணர் ஒருவர் உள்நோக்கியால் பார்க்கட்டும்.

மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது இன்னொரு குழப்பம் வரும். உலக நோய்க் குறியீட்டின் பத்தாம் பதிப்பில் இந்நோய் பி48.1 என்ற எண்ணோடு, பூஞ்சை நோய்களின் வரிசையிலேயே இருக்கிறது. மரபணு பேசிக் கால் நூற்றாண்டு கடந்தும் படிவங்களுக்கு அது எட்டவில்லை. படிவத்தில் அந்த எண்ணையே எழுதுங்கள், திருத்தப் போனால் கோப்பு திரும்பி வரும். அந்த எண்ணைப் பார்த்து யாரேனும் பூஞ்சை மருந்து எழுத முன்வந்தால் திசு ஆய்வு அறிக்கையைக் காட்டுங்கள். தம்பி இனி கண்மாயில் மூழ்கிக் குளிப்பதைத் தவிர்க்கட்டும். மூக்கடைப்போ ரத்தக்கசிவோ மீண்டும் தென்பட்டால், ஆண்டுகள் கடந்திருந்தாலும், பழைய அறிக்கையோடு போய்க் காட்டட்டும்.