அடியைத் திருப்பிப் பாருங்கள்: பழைய சீனப் பீங்கான் கேள்வி–பதில்

கேள்வி: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நீலப் பூ வரைந்த சீன ஜாடி ஒன்று பார்த்தேன். அடியில் ஆறு சீன எழுத்து. காங்ஷி அரசர் காலத்தது, முந்நூறு வருஷப் பழசு என்று 15,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அந்த ஆறு எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். காங்ஷி ஆண்டது 1662 முதல் 1722 வரை. அவர் பெயரை 19ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர்களும் மரியாதைக்காக எழுதினார்கள். இன்றைக்கும் எழுதி விற்கிறார்கள். உடைந்து குப்பைக்குப் போகிற பொருளில் அரசர் பெயர் இருக்கக் கூடாதென்று 1677இல் சீனத்தின் பீங்கான் ஊரான ஜிங்டெஜெனில் தடையே போட்டார்கள். அதனால் அசல் காங்ஷி ஜாடி பலவற்றின் அடியில் வெறும் இரட்டை வட்டமோ ஓர் இலையோதான் இருக்கும்.

ஜாடியை மெத்தென்ற துணிமேல் கவிழ்த்து, அடி வளையத்தைப் பாருங்கள். சூளையில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அந்த விளிம்பில் மட்டும் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு இருக்காது. மண்ணின் குணம் அங்கேதான் தெரியும். பல காலம் புழங்கிய விளிம்பு விரலுக்கு வழவழவென்றிருக்கும். அழுக்கு நுண்குழிகளுக்குள் இறங்கியிருக்கும். போலியில் விளிம்பு முழுக்க ஒரே சீராகப் பழுப்பு ஏறியிருக்கும். ஈரப் பஞ்சால் துடையுங்கள். பிறகு நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால். பழுப்பு பஞ்சில் இறங்கினால் டீத்தண்ணியோ ஷூ பாலிஷோ தடவியிருக்கிறார்கள். ரிமூவரை வண்ணத்தின் மேலோ தங்கக் கோட்டின் மேலோ படவிடாதீர்கள். பழுது பார்த்த இடம் இருந்தால் கரைந்துவிடும்.

அடுத்து, கடிகாரக்காரர் கண்ணில் மாட்டுகிற மாதிரி 10 மடங்கு லென்ஸ். கை படும் புடைப்புகளில் கீறல்கள் நீளமும் குட்டையுமாக, திக்குக்கு ஒன்றாக ஓட வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் ஓடினால் உப்புத்தாள் வேலை. கை புகாத பள்ளத்திலும் பளபளப்பு மங்கியிருந்தால் அமிலம். நீலத்தில் தூரிகைக் கோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் அடர்ந்திருக்கும். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சடித்து ஒட்டிய ஸ்டிக்கர். அதோடு தீர்ந்தது, ஜாடியை வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பாட்டியின் தட்டில் ஆங்கிலத்தில் ‘சைனா’ என்று அச்சிட்டிருக்கிறது. போலியா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: அதை வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டுமென்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது. 1891 முதல் நடைமுறை. ஆகவே தட்டு அதற்கு முந்தியதாக இருக்காது. ‘மேட் இன் சைனா’ என்றிருந்தால் பெரும்பாலும் இன்னும் பிந்தியது. எழுத்தே இல்லாத தட்டு பழசு என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். வேறு நாடுகளுக்குப் போன சரக்கில் இது தேவைப்படவில்லை.

கேள்வி: அசல் பழைய கிண்ணத்தைச் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?
– வாசகர், அடையாறு

பதில்: முடியாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வயது குறைவு என்று தோன்றினால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்குங்கள். சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது.