சான் மாலோ: கிராண்ட் பே தீவுக்கு எப்போது நடந்து போகலாம்?

வணக்கம் நண்பரே. பிரான்ஸின் கடற்கரை ஊரான சான் மாலோவில், மதியம் 2 மணிக்கு ஆறு வயது மகளோடு கிராண்ட் பே தீவுக்கு நடந்து போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடிகாரம் சொல்லாது, கடல்தான் சொல்லும். இங்கே பெரிய ஓத (கடல்நீர் ஏறி வற்றும்) நாட்களில் கடல் மட்டம் 12 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். போன்-செகூர் கடற்கரையிலிருந்து தீவுக்குப் போகும் கல்பாதை நீர் வற்றும்போது மட்டுமே தெரியும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் போகும் நாளுக்கான ஓத அட்டவணையை அன்றே சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி, ஏறத் தொடங்கும் முன் திரும்பிவிடுங்கள். பாதை மூழ்கத் தொடங்கினால் தயவுசெய்து மகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்காதீர்கள். தீவிலேயே பல மணி நேரம் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

அங்கே எழுத்தாளர் ஷத்தோப்ரியான் 1848 முதல் கடலைப் பார்த்தபடி உறங்குகிறார். கல்லறையில் பெயர்கூட இல்லை. ஒரு கற்சிலுவை, காற்று, அலை. எனக்கு ஊரிலேயே பிடித்த இடம் அதுதான்.

அப்புறம், கோட்டைக்குள் இருக்கும் ஊர் "போலி" என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 1944 ஆகஸ்டில் குண்டுவீச்சிலும் தீயிலும் பெரும்பகுதி அழிந்தது உண்மை. ஆனால் மதில்கள் பெரும்பாலும் தப்பின. வீடுகளைப் பழைய சாயலிலேயே கருங்கல்லில் பொறுமையாக மீண்டும் எழுப்பினார்கள். அதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு: 1746இல் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே பிறந்த ஊர் இது. மதில்மேல் ஒரு முழுச் சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.