நட்சத்திரம் வெடிப்பதைக் கணக்குப் போட்டுப் பிழைக்க முடியுமா?

வெடிக்கும் நட்சத்திரத்துக்குள் நியூட்ரினோ (எதோடும் லேசில் மோதாத நுண்துகள்) எப்படிப் போகிறது என்று கணினியில் கணக்கிடும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று உங்கள் மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள், உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. புரிகிறது. 'நட்சத்திரம்' என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அவள் தினமும் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாள் என்று பாருங்கள்.

சூரியனைவிட 8 மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரத்தின் மையம் கடைசியில் ஒரு நொடிக்குள் சரிந்து விழுகிறது. அப்போது கிளம்பும் அதிர்ச்சி அலை 150 கிலோமீட்டர் வாக்கில் போய்த் திணறி நின்றுவிடும், அதை மறுபடி உந்தித் தள்ளுவது நியூட்ரினோக்கள்தான் என்பது இத்துறையில் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வெளிவரும் ஆற்றலில் சுமார் 99 சதவீதம் அவற்றோடுதான் போகிறது, அதில் ஒரு சிறு பங்கு வழியில் தங்கினால் வெடிப்பு. அந்தச் சிறு பங்கைப் பிசகாமல் கணக்கிடுவதுதான் வேலையே. துகள் எங்கே இருக்கிறது என்பதற்கு 3 எண்கள், எந்தத் திசையில் போகிறது என்பதற்கு 2, ஆற்றலுக்கு 1. ஒவ்வொன்றையும் நூறு துண்டாக வெட்டினால் ஒரே ஒரு கணத்துக்கே ஒரு லட்சம் கோடி எண்கள் வந்துவிடும்! சூப்பர் கம்ப்யூட்டரே முழி பிதுங்கும். ஆகவே எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கினால் விடையே மாறிப்போகும் என்று பார்ப்பதில்தான் இவர்கள் ஆயுள் கழிகிறது.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. இதற்கு அடிப்படை, ஏராளமான துகள்கள் மோதி மோதி எப்படிப் பரவுகின்றன என்று சொல்லும் போல்ட்ஸ்மன் சமன்பாடு. அதை வைத்துத்தான் அணு உலையில் நியூட்ரான் ஓட்டத்தையும், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது உடம்பில் எங்கே எவ்வளவு இறங்குகிறது என்பதையும் கணக்கிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான ப்ராசஸர்களில் ஒரே கணக்கைப் பிரித்து ஓட்டத் தெரிந்தவருக்கு வானிலைக் கணிப்பிலும் இடம் உண்டு. ஆனால் நட்சத்திரத்திலேயே நிரந்தர வேலையா? அது சிரமம், மறைக்க மாட்டேன். முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருடம் வரை, அப்புறம் இரண்டு மூன்று வருட ஒப்பந்தங்களாக ஊர் ஊராக மாறவேண்டி வரும். ஒப்பிட்டுப் பார்க்கத் தரவும் சொற்பம்: 1987-இல் வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்த ஒரே ஒரு நட்சத்திரத்திலிருந்து உலகம் முழுக்கச் சிக்கியவை இரண்டு டஜன் நியூட்ரினோக்கள்தான்.

சேருமுன் ஆய்வுக்குழுவிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: நிரலை நானே எழுதுவேனா, இல்லை ஏற்கனவே இருப்பதை ஓட்டிப் படம் மட்டும் வரைவேனா? இரண்டாவது என்றால் வேறு குழு பார்ப்பது நல்லது, வெளியே விலைபோவது முதலாவதுதான்.

இன்னொன்று, இப்போதே செய்யக்கூடியது. அடர்த்தியான ஒரு உருண்டையின் நடுவில் துகள்களை விட்டு, மோதி மோதி வெளியே வரும்படி பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதட்டும். உருண்டையின் ஆரத்தை இரட்டிப்பாக்கினால் மோதல்கள் ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். முதல் தடவை அந்த விடை பெரும்பாலும் வராது. தப்பு எங்கே என்று அவள் மூன்று நாள் விடாமல் தேடுகிறாளா, இல்லை அலுத்துப்போய் மூடி வைக்கிறாளா என்று பார்த்துவிட்டு வாருங்கள், மேற்கொண்டு பேசுவோம்.